செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக் காட்சி

அக்காவும் தம்பியும் எடுத்த படங்களில் யாரும் வெளியே போகவே மாட்டார்கள். முதல் படம் முழுக்க ஒரு முடிதிருத்தும் கடைக்குள். இரண்டாவது, பழுதாகி நின்ற பேருந்துக்குள். மூன்றாவதில் ஒரே ஒரு சமையலறை. தெருவில் இறங்கிப் படம் பிடிக்க வசதி கிடையாது. மூடிக் கிடந்த ஐஸ் ஃபாக்டரியை வாடகைக்குப் பிடித்துத் தம்பி படம் எடுத்தான். அக்கா அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தியேட்டர்காரர்களிடம் பேசி ஓட்டவைத்தாள். மற்றக் கம்பெனிக்காரர்கள் ‘நாலு சுவர் கம்பெனி’ என்று கிண்டல் செய்தார்கள். “விரலுக்குத் தகுந்த வீக்கம், விடு” என்று தம்பியைச் சமாதானப்படுத்துவாள் அக்கா.

ஏழாவது படம் ஒரு லிஃப்டுக்குள் நடந்தது. ஒரு வீட்டில் திருடிவிட்டு இறங்குகிறவன், அந்த வீட்டுக்காரியோடு நடுவழியில் மாட்டிக்கொள்கிறான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியும். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. படத்தை வெட்டி ஒட்டியவள் தம்பியின் மனைவி. மேசைக்கும் தன் வயிற்றுக்கும் நடுவே இடம் போதாமல், நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு கடைசி ரீலை முடித்தாள். நான்காம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அடுப்பு தனியாக எதற்கு, சண்டைச் சூடே போதும் என்பார்கள். இவர்கள் இருவருக்கும் சண்டை போட நேரமே இருந்ததில்லை.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது படம் வெளியானது. மூன்றாம் நாள் மதியம், தியேட்டர் மேனேஜரைப் பார்க்க வந்த அக்கா வாசல் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். மூடிய கதவில் காதை ஒட்டி, தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் தம்பி மனைவி.

“உள்ள போகாம இங்க ஏம்மா நிக்கிற?”

“பத்து நிமிஷம் இருந்தேன் அண்ணி. இவ அழுதா. டார்ச் அடிச்சு வெளிய போகச் சொல்லிட்டாங்க. ‘கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இதெல்லாம் தேவையா’ன்னு பின்னால ஒருத்தர் வேற.” சட்டென்று விரலை உயர்த்தினாள். “இருங்க, இப்ப சிரிப்பாங்க பாருங்க.”

இருவரும் காத்திருந்தார்கள். உள்ளே ஒரு சிரிப்பும் எழவில்லை.

“உள்ள பத்துப் பேருகூட இல்லை, அதான் போல” என்றாள் அவள், குழந்தையின் முதுகைத் தடவியபடி.

அக்கா கதவைப் பார்த்தாள். கதவுக்கு உள்ளே காலி நாற்காலிகள். வெளியே, அந்தப் படத்தின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொட்டவள். இதைவிடக் கேலிக்கூத்து உண்டா? நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

“காலைல பதினொரு மணிக்கு உங்க தியேட்டர் சும்மாதான கெடக்கு?”

“ஆமா. பூனைதான் படுத்திருக்கும்.”

“செவ்வாய்க்கிழமை அத எனக்குக் குடுங்க. கைக்குழந்தையோட வர்றவங்களுக்கு மட்டும் ஒரு ஷோ. பாதி விளக்கு எரியட்டும், சத்தம் கொறச்சு வைங்க, கதவு தெறந்தே இருக்கட்டும்.”

மேனேஜர் வழுக்கையைத் தடவினார். “குழந்தைங்க சீட்ட நனைச்சிட்டா?”

“நானே வந்து துடைக்கிறேன்.”

தம்பிதான் குதித்தான். “அக்கா, லிஃப்டுக்குள்ள அவன் மூச்சு விடுறதக்கூடத் தனியாப் பதிவு பண்ணிருக்கேன். அத அழுகைக்கு நடுவுல ஓட்டப் போறியா?”

அக்கா வாயைத் திறக்குமுன் அவன் மனைவி குழந்தையின் துணியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: “நான் இன்னும் என் படத்தப் பாக்கலீங்க.”

அவன் நோட்டீஸ் அடிக்கப் பணத்தை எடுத்து வைத்தான்.

அக்கா சுவரில் போஸ்டர் ஒட்டவில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு தடுப்பூசி போடும் இடத்துக்குப் போய், வரிசையில் நின்ற தாய்மார் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

“அழுதா என்னங்க பண்றது?” என்றாள் ஒருத்தி.

“அழட்டும்னுதான கூப்பிடுறேன்.”

“நெசமாவா?” என்று இன்னொருத்தி எட்டிப் பார்த்து, இரட்டைக் குழந்தைகளைச் சுமந்தபடியே நோட்டீஸைப் பல்லால் கவ்வி வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்தே முக்கால் வரை ஈ காக்கை இல்லை. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். பிறகு குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. பதினொன்றே காலுக்கு முப்பத்தோரு பெண்கள், இரண்டு அப்பாக்கள், எண்ண முடியாத குழந்தைகள்.

விளக்கு பாதி அணைந்ததும் ஒரு குழந்தை வீறிட்டது. ஒன்றைக் கேட்டு ஒன்றாக வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் திரும்பி முறைக்கவில்லை. வசனம் காதில் விழாதவர்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி சொன்னாள்: “சாவி அவ பையிலயே இருக்காம். அந்தப் பயலுக்கு வேர்க்குது பாரு!”

தம்பி கடைசி வரிசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன்தான் டைரக்டர் என்று யாருக்குத் தெரியும்? இரட்டைக் குழந்தைக்காரி ஒன்றை அவன் கையில் திணித்து, “ரெண்டு நிமிஷம்ணே, இவளுக்குத் துணி மாத்திட்டு வந்துடறேன்” என்று போய்விட்டாள். அவன் அதைத் தோளில் போட்டு ஆட்டத் தொடங்கினான். திரும்பி வந்தவள், “என்னண்ணே ஆச்சு? போலீஸ் வந்துட்டாங்களா?” என்றாள். அவன் கதையைக் கிசுகிசுத்தான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்தது.

நடு வரிசையில், மடியில் தூங்கும் மகளோடு அவன் மனைவி. திருடன் கைக்குட்டை என்று நினைத்து, திருடிய வெள்ளிக் கரண்டியை எடுத்து நெற்றியைத் துடைக்கும் இடம் வந்தது. அவள் உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்று சொல்லுமுன் அத்தனை பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். அவள் குனிந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பற்றினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அக்காவின் பக்கம் சாய்ந்து, “அண்ணி, அஞ்சாவது ரீல் நீளம். அந்தக் கண்ணாடி ஷாட்ட வெட்டணும்” என்றாள். அது தம்பி ஒரு பகல் முழுக்க ஒளியமைத்து எடுத்த ஷாட். அன்று சாயங்காலம் அவள் கேட்டபோது அவன் ஐஸ் ஃபாக்டரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, “வெட்டிடு” என்றான்.

அந்தக் காட்சி பதினான்கு செவ்வாய்க்கிழமைகள் நடந்தது. சீட்டை அக்கா துடைக்க வேண்டியிருந்தது, மறுப்பதற்கில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து மேனேஜரே துணியோடு வந்துவிட்டார். பக்கத்து ஊர்த் தியேட்டர் கேட்டது, பிறகு அதற்கடுத்த ஊர். வேலைக்குத் திரும்பிய தாய்மார் சிலர் மாலைக் காட்சிக்குக் கணவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள், முதல் தடவை சரியாகக் கேட்காத வசனங்களைக் கேட்க.

எட்டாவது படத்தில் நாயகியாக யாரைப் போடுவது என்று பேச்சு வந்தபோது, தம்பி இரட்டைக் குழந்தைக்காரியைச் சொன்னான். அவள் பேருந்து நடத்துநர், பிரசவ விடுப்பில் இருந்தாள்.

“நடிக்கத் தெரியுமாடா அவளுக்கு?” என்றாள் அக்கா.

“டைரக்டர் கையிலயே புள்ளையக் குடுத்துட்டுப் போனவக்கா. கேமராவுக்கா பயப்படப் போறா?”

அக்கா சிரித்துக்கொண்டே படப்பெட்டியைப் பூட்டினாள். மூன்றாவது ஊருக்குப் போகும் பேருந்துக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.