ஐந்தேகால் வண்டி

கை பண்ணிய வேலை அது. சத்தியமாக டிரைவருக்கு அந்த நினைப்பே இல்லை. பச்சைக் கேட் போட்ட மாடி வீட்டைத் தலை திருப்பாமல் தாண்டிவிட வேண்டும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். கேட் வந்ததும் உள்ளங்கை தானாகப் போய் ஹாரனில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டது. மாடி ஜன்னலில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. யாரோ படியில் தடதடவென்று இறங்கி ஓடிவரும் சத்தம். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் பின்னால் பிள்ளைகளின் பைகளெல்லாம் சரிந்து விழுந்தன. தெருமுனை திரும்பும்வரை அவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

எட்டு மாதமாக இந்தத் தெருப்பக்கமே வராதவர். மருந்துக்கடை முக்கில் திரும்பி மூன்று தெரு சுற்றித்தான் போவார். கேட்டவர்களிடம் அந்த ரோடு நல்ல ரோடு என்று ஏதோ சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து அந்த நல்ல ரோட்டில் குழாய் பதிக்கிறோம் என்று ஆளுயரப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் வந்தார். வந்த இடத்தில் கை இப்படிப் பண்ணிவிட்டது. அந்த வீட்டில் ஏறுவதற்கு இப்போது யாரும் இல்லை. ஏற வேண்டிய பெண் போய்ச்சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

பள்ளிக்கூடம் என்னவோ ஒன்பது மணிக்குத்தான். ஆனால் இவர் வண்டி காலை ஐந்தேகாலுக்கே கிளம்பிவிடும். நீச்சல், கோரஸ் பாட்டு, செஸ், பேட்மின்டன் என்று ஒன்பது மணிக்குள் ஒரு பிள்ளையை என்னவெல்லாம் ஆக்க முடியுமோ அத்தனைக்கும் இந்த வண்டிதான். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம்கள் ஹேங்கரில் ஜன்னல் கம்பியோரம் ஆடிக்கொண்டு வரும். பிள்ளைகள் அதன் கீழே வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் மூடாத பாட்டுக்காரப் பையன் கொட்டாவி. சிவப்பு விளக்கில் ஏன் நிற்கிறீர்கள், ரோட்டில்தான் யாருமே இல்லையே என்று சட்டம் பேசும் செஸ் பெண் வக்கீல். பச்சைக் கேட் வீட்டுப் பெண் தண்ணிப்பாம்பு. பதிமூன்று வயது, கையும் காலும் அப்படி ஒரு நீளம். "தண்ணிப்பாம்புக்கு விஷம் இல்லைன்னு நினைச்சிக்கிட்டு இருக்காதீங்க அங்கிள், கடிச்சுப்புடுவேன்" என்பாள். நீச்சல் முடித்து ஈரத்தலையோடு வந்து கடைசி சீட்டில் சாய்ந்துகொள்வாள். துவட்டிட்டு வா பிள்ளே என்று அவர் கத்தாத நாள் கிடையாது.

அந்தச் சீட்டில் இப்போது யாரும் உட்காருவதில்லை. யாரும் சொல்லவில்லை, பிள்ளைகளாகவே பைகளை அடுக்கி வைத்துவிட்டார்கள். எல்லோரையும் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு, மறந்த டிபன் பாக்ஸ், வாட்டர் பாட்டில் இருக்கிறதா என்று டிரைவர் ஒவ்வொரு சீட்டாகப் பார்ப்பார். கடைசி சீட்டின் சாய்மானம் ஈரமாக இருப்பது போலவே தெரியும். தொட்டால் காய்ந்துதான் கிடக்கும். மறுநாளும் தொட்டுப் பார்ப்பார். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொல்லப்போனால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே.

மற்றது இதுதான். பச்சைக் கேட்டுக்கு எதிர்வீட்டில் ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் இருந்தார். "காலங்காத்தால ஊரையே எழுப்புறியா? இன்னொரு தடவை ஹாரன் சத்தம் கேட்டுச்சு, ஸ்கூலுக்கு எழுதிப் போட்டுருவேன்" என்று, அந்தப் பெண் போவதற்கு முந்தின நாள்தான் லுங்கியோடு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்திவிட்டது. பத்து நிமிஷம் லேட். நீச்சல் மாஸ்டர் ஐந்தே முக்காலுக்கு டாணென்று கேட்டைப் பூட்டிவிடுகிற ஆள். பச்சைக் கேட் வீட்டில் விளக்கு எரியவில்லை. "அங்கிள், ஹாரன்?" என்றாள் வக்கீல், அவள் ஒருத்திதான் விழித்திருந்தாள். "அவ இன்னைக்கு லீவா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டிரைவர் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டார். அந்தப் பெண் தானாக விழித்து, மணியைப் பார்த்துப் பதறி, அம்மாவைக்கூட எழுப்பாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு இருட்டில் பறந்திருக்கிறாள். மேம்பால வளைவில் காய்கறி லாரி.

"ஹாரன் அடிச்சியாய்யா?" என்று ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் கேட்டார். அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே சும்மாதான் கேட்டார். "அடிச்சேன் சார், ரெண்டு தடவை" என்று வாயில் வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். பக்கத்தில் நின்றிருந்த தண்ணிப்பாம்பின் அம்மா அதைக் கேட்டாள். சளி மாத்திரை போட்டுத் தூங்கிட்டேனே, ரெண்டு தடவை அடிச்சும் எனக்குக் கேக்கலையே என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். "பொணம் மாதிரித் தூங்கினியா?" என்றார் அவள் கணவர், அத்தனை பேர் முன்னால். அதற்குப் பிறகு அந்த மனுஷன் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வண்டியில் பிள்ளையை ஏற்றிவிட வரும் அம்மாக்கள் பேசிக்கொண்டது டிரைவர் காதில் விழுந்திருந்தது. விழுந்த காதை வைத்துக்கொண்டு அவர் எட்டு மாதம் சோறு தின்று, வண்டி ஓட்டி, தூங்கியும் இருக்கிறார். நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. வக்கீல் அதன் பிறகு சட்டம் பேசுவதை விட்டுவிட்டாள்.

மறுநாளும் பள்ளம் மூடவில்லை. ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் ஊர்ந்து வந்தார். பச்சைக் கேட்டுக்கு வெளியே அந்த அம்மா நின்றிருந்தாள். நைட்டிமேல் துண்டு, கலைந்த தலை. கையை நீட்டி மறித்தாள். இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது அவருக்கு. நிறுத்தினார்.

"நேத்து ஹாரன் அடிச்சது நீங்கதானே அண்ணா?"

"பழக்கதோஷத்துல கை பட்டுருச்சும்மா. மன்னிச்சிருங்க. இனிமே இந்தப் பக்கம்..."

"ஐயோ, அதுக்குக் கேக்கல." அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சத்தத்துக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா? 'இதோ வந்துட்டா, ஒரு நிமிஷம்'னு கத்திக்கிட்டே அவ நீச்சல் பையைத் தூக்கிட்டு ஓடி வந்துட்டேன். கேட்டைத் திறந்து வெளிய நிக்கிறேன். அப்பறம்தான் யாருக்குன்னு..."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். படியில் தடதடத்த அந்தச் சத்தம் இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்ணா. ராத்திரியெல்லாம் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். முந்தாநாள் படுக்கறப்பவும் சளின்னு அதே மாத்திரைதான் போட்டேன். அதே கட்டில், அதே ஃபேன். ஜன்னல்கூடச் சாத்தித்தான் இருந்துச்சு. ரெண்டே தட்டு, சட்டுனு முழிப்பு வந்துருச்சு. அப்ப அன்னைக்கு மட்டும் எனக்கு ஏன்ணா கேக்கல?"

குற்றம் சாட்டுகிற குரலா என்றால், இல்லை. டாக்டரிடம் வியாதியைக் கேட்பது போலத்தான் கேட்டாள். இவர்தான் தன்னை மணி தவறாமல் எழுப்பியவர், இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி நின்றாள். பொய்க்கா பஞ்சம்? அன்னைக்கு மெதுவாத்தான் தட்டினேன்மா என்று ஒன்று தயாராகத் தொண்டைவரை வந்துவிட்டது. அவளும் தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். போய் மறுபடியும் அந்த வீட்டில், பேசாத மனுஷனோடு, கேட்காத காதோடு கிடப்பாள். எத்தனை வருஷத்துக்கு? டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. வக்கீல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் ஹாரன் அடிக்கலம்மா."

அவளுக்கு விளங்கவில்லை. "மெதுவா அடிச்சீங்களா?"

"அடிக்கவே இல்ல. லேட்டாயிருச்சு. விளக்கு எரியல, லீவுன்னு நானா நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன். போலீஸ்கிட்ட சொன்னது பொய். நீங்க தலையில அடிச்சுக்கிட்டு அழுதப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னேன். பாவி நான்."

செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பார். அவள் ஒன்றும் செய்யவில்லை. உதடு மட்டும் அசைந்தது, அடிக்கல, அடிக்கல என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள் போலிருந்தது. பிறகு சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க!"

தெருவே அதிரும்படிக் கூப்பிட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "என்னங்க, கொஞ்சம் கீழ வாங்க! வாங்களேன்!"

எட்டு மாதத்தில் அவள் எத்தனை தடவை இப்படிக் கூப்பிட்டாளோ, எத்தனை தடவை அவர் வராமல் இருந்தாரோ. இந்தத் தடவை குரலில் என்ன இருந்ததோ, வந்தார். வாயில் பிரஷ், பனியன், பாதி முகம் நுரை. கேட்டோடு நின்றுகொண்டார். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வண்டியை ஆஃப் பண்ணுங்கண்ணா" என்றாள் அவள். "அவருக்குச் சரியாக் கேக்கணும். இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க."

டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. கதவைத் திறந்து கீழே இறங்கினார். பேனட்டைப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ரிட்டயர்டு ஆபீசர் சத்தம் போட்டதை, வண்டி கிளம்பாததை, வக்கீல் கேட்டதை, தான் சொன்ன பதிலை. கணவர் பிரஷை வாயிலிருந்து எடுக்கவில்லை. நுரை தாடையில் இறங்கிக் கழுத்துவரை வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. டிரைவர் சொல்லி முடித்த பிறகும் அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சொல்ல ஆரம்பித்த நேரத்திலிருந்து அவள் தன் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.