மூன்றாம் கிட்டுக்கு வந்த மிச்சம்

1

"சார், கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

பேரைப் போடச் சொல்லிக் கேள், சண்டை பிடி, அழு. எடுக்கச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே என்று ஆய்வகத்தில் அவளுக்கு மூத்த அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். (அவள் என்பது நான்தான். 'நான்' என்றே எழுதிப் பார்த்தேன், புகார்க் கடிதம் மாதிரி இருந்தது.)

2

வேறு தொடக்கங்களும் இருந்தன.

'வெண்பனி படர்ந்த உறைபெட்டியின் முன்னே அவள்...' வேண்டாம். மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டி அது. அதன் முன் நின்றால் கவிதை வராது, மூக்குதான் ஒழுகும்.

'குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவள்...' உண்மைதான். விண்ணப்பங்களில் எழுதி எழுதியே தேய்ந்துவிட்டது.

3

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செல்லில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, அதன் ஆர்என்ஏவை இயந்திரத்தில் கொடுத்துப் படிக்க வேண்டும். கொடுக்குமுன் அதைப் பக்குவப்படுத்த ஒரு கிட், அதாவது கம்பெனி விற்கும் ரசாயனப் பெட்டி. மூன்று கம்பெனிகளின் கிட்டுகளில் எது ஓரவஞ்சனை* இல்லாதது, எது எங்கள் இயந்திரத்தோடு ஒத்துப்போகிறது என்று அவள் இரண்டு வருடம் ஒப்பிட்டாள். முடிவு: மூன்றாவது மோசம். ஆர்என்ஏவின் வால்பக்கத்தையே படிக்கிறது, தலையை விட்டுவிடுகிறது.

* கட்டுரையில் 'சார்பு' என்று இருக்கும். எனக்கு அவ்வளவு நாகரிகம் போதாது.

போன வாரம் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தாள். உறைந்த ஆர்என்ஏ இருந்த ஒரே குழாயை உருக்கி முதல் கிட்டுக்கு எடுத்திருக்கிறாள். மறுபடி உறையவைத்து, அடுத்த வாரம் உருக்கி இரண்டாவதுக்கு. அதற்கடுத்த வாரம் மூன்றாவதுக்கு. ஒவ்வொரு உருக்கலுக்கும் ஆர்என்ஏ கொஞ்சம் உடையும்; உடைந்ததில் வால் துண்டுதான் கிட்டில் மாட்டும். இரண்டு வருடமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அதே வரிசை, ஒருநாள்கூட மாற்றவில்லை. நொறுங்கியதைத் தின்னக் கொடுத்துவிட்டு, சரியாகச் சாப்பிடத் தெரியவில்லை என்று திட்டியிருக்கிறாள். ஓரவஞ்சனை கிட்டுக்கு இல்லை, இந்த மகராசிக்கு.

(தொடக்கங்களுக்கும் அதே கதிதான். முதலில் எழுதியதற்குச் சூடான கோபம் கிடைத்தது, மற்ற இரண்டுக்கும் ஆறிப்போன மிச்சம். எது சிறந்தது என்ற என் தீர்ப்பை நம்பாதீர்கள்.)

4

"மாதிரி எல்லாம் தீர்ந்துபோச்சு, திரும்பச் செய்ய முடியாது," என்றார் பேராசிரியர். "சேமிப்பு நிலை மாறுபட்டிருக்கலாம்னு ஒரு வரி போட்டுடலாமே."

"'லாம்' எல்லாம் இல்ல சார். நான்தான் கெடுத்தேன்."

"இந்தக் கட்டுரை இல்லாம உனக்கு முனைவர் பட்டம் கிடையாது. தெரியும்ல?"

"தெரியும்."

"உங்கம்மா போன் பண்ணி, எப்ப பட்டம்னு கேட்டாங்கம்மா."

[இங்கே அவருக்கு ஒரு வில்லச் சிரிப்பு வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை; பாவம், தண்ணீர் குடித்தார்.]

அம்மா ஏற்கெனவே 'என் பொண்ணு டாக்டர்' என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டு மாமா முட்டிவலிக்கு மாத்திரை கேட்டு வந்து காத்திருந்தார்.

5

முடிவு அ: பேராசிரியர் மனம் மாறி... மாறமாட்டார்.

முடிவு ஆ: அவள் அந்த ஒரு வரிக்குச் சம்மதித்து, பட்டம் வாங்கி, நன்றாகத் தூங்கி... இதை நாலு தடவை எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"உட்காரும்மா, பேசுவோம்," என்றார்.

"நாம கட்டுரை அனுப்பின இதழோட ஆசிரியருக்குக் காலையிலேயே எழுதிட்டேன் சார். தப்பு என்னோடதுன்னும், எந்தக் குழாய், எந்தத் தேதின்னும். உங்ககிட்ட சொல்லாம போறது மரியாதையில்லன்னுதான் வந்தேன்."

அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை. அவள் நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள்.