தொண்ணூற்றேழு சதவீதம்

எங்கள் இயற்பியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் சராசரி. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் கூட்டி வகுத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்பார். அன்று காலை நான் நீட்டியது ஒரே ஒரு விடைத்தாள்.

பருவ முடிவில், பிள்ளைகள் உண்மையிலேயே என்னதான் கற்றார்கள் என்று அளக்க ஒரு சோதனை வைப்போம். மதிப்பெண்ணில் சேராது. பாடம் நடத்தாத ஒருவர்தான் திருத்த வேண்டும். பெயர் எழுதிய துண்டைக் கிழித்துப் போட்ட பிறகுதான் தாள் அவர் கைக்கு வரும். இந்த முறை அந்தத் தலைவலி எனக்கு.

ஏழாவது கேள்வி பாதுகாப்பு பற்றியது. பெரிய மின்தேக்கி ஒன்றின் ஸ்விட்சை அணைத்தாயிற்று; உடனே தொடலாமா? கூடவே கூடாது. அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் அதற்குள் பதுங்கியிருக்கும். தரையோடு இணைத்த கம்பியால் அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். முப்பத்து மூன்று தாள்களில் ஒன்றில் மட்டும் ‘தொடலாம்’ என்பதற்கு நேராக அழுத்தமாக ஒரு டிக்.

"தொண்ணூத்தியேழு சதவீதம்மா," என்றார் சராசரி. "நம்ம இலக்கே எண்பதுதான். சந்தோஷப்படுங்க."

"சார், மத்தியானம் இவங்களுக்கு அந்த மின்தேக்கி லேப் ஆரம்பிக்குது. அந்த ஒண்ணு யாருன்னு தெரிஞ்சாகணும்."

"பேரு தெரியக்கூடாதுங்கறதுதானே விதி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்துப்போகிறவன் மூன்று சதவீதமாகவா சாவான்? விதியை அவரே கட்டிக்கொண்டு அழட்டும் என்று வகுப்புக்கு நடந்தேன். ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அடுத்தவர் காதில் விழாமல் அதே கேள்வியைக் கேட்டேன். "இதுகூடவா மேடம் தெரியாது?" என்று ஒரு பெண் சிரித்தாள். முப்பத்திரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள். ஏன், எப்படி என்பது வரை சொன்னார்கள். தப்பாக டிக் போட்ட அந்த ஒருவரை மட்டும் காணவில்லை.

சராசரியின் அறைக்குத் திரும்ப ஓடினேன். "இன்னிக்கு வராதது யாரு சார்?"

"யாரும் லீவு இல்லையே. வகுப்பே முப்பத்திரண்டு பேர்தான்."

"தாள் முப்பத்தி மூணு இருக்கே!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவா? எழுத எவ்வளவு நேரம் ஆகும்னு பார்க்க நம்ம புது லேப் அசிஸ்டென்ட்கிட்ட ஒண்ணு கொடுத்தேன். அதுவும் கட்டுல சேர்ந்துடுச்சு போல."

புது லேப் அசிஸ்டென்ட் என் தம்பி. வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வீட்டில் சும்மா இருக்கிறானே என்று, "சாமான் எடுத்து வைக்கிற வேலைதாண்டா" என்று சொல்லி, அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே நான்தான்.

போனில் அவனை அழைத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"எங்கடா இருக்கே?"

"லேப்லதான்க்கா. மத்தியானத்துக்காக இப்பத்தான் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய மின்தேக்கில ஒரு வயர் லூசா இருக்கு."

"டேய், தொடாதே! கை வைக்காதே!"

"நான் என்ன சின்னப் பிள்ளையா? ஸ்விட்சை அணைச்சுட்டேன்க்கா. இரு, இதுக்கு ரெண்டு கையும் வேணும். போனை மேசை மேல வைக்கிறேன்."

போன் மேசையில் படும் சத்தம் கேட்டது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.