சனிக்கிழமைக்கு எட்டுப் பேர்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது கதையாக ஆரம்பித்ததல்ல, அறிக்கையாக ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் மேலாளர் குமாரவேல் என்னைக் கூப்பிட்டு, "கலை சார், நீங்கதான் கத கிதலாம் எழுதுறவராச்சே. சங்கரி மேட்டர நீட்டா ஒரு ரிப்போர்ட்டா போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழம அஞ்சு மணிக்குள்ள க்ளையன்ட்டுக்கு அனுப்பணும்" என்றார். அந்த அறிக்கையை வைத்துத்தான் சங்கரி வேலையில் இருப்பாளா, போவாளா என்பது முடிவாகும். இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று. என் கையில் இருப்பது இந்தத் தாள்கள்தான்.

(அறிக்கை என்றால் 'சங்கரி அவர்கள்' என்று எழுதவேண்டும். 'இருப்பாளா, போவாளா' என்று கை எழுதியபோதே நான் என்னைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அடித்ததை அப்படியே விட்டுவைக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாத தாளை நான் நம்புவதில்லை.

அ) "காஞ்சிபுரத்தில், காந்தி ரோட்டில், பட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியில்..." நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் முதல் வரியிலேயே பட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது, அடுத்த வரியில் கோபுரம்.

ஆ) "வடிவாம்பாள் தினமும் பதினோரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போவாள்." பெயரை மாற்றுவது நாகரிகம் என்று நினைத்தேன். பின்னால் நின்று படித்துவிட்ட சங்கரி, "யாருணா அது வடிவாம்பாளு, நானா? எம்பேரையே போடுங்க. பேர மாத்தறதுக்கு நான் இன்னா திருடிட்டேனா?" என்றாள்.

இ) "யாரோ சொல்லித்தான் குமாரவேலுக்கு விஷயம் தெரிந்தது." இது பரவாயில்லை. மூன்றாம் பகுதிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

2

வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் எங்கள் மூன்று பேரையுமே சந்தேகப்படுவீர்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள். நான்கு வருடமாக அதைப் பற்றி எழுதுகிறேன், ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். அதை வைத்து இன்னொரு ஆட்டமும் அங்கே நடக்கிறது. ஆளுக்கு ஒரு கற்பனைத் தொகை, ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கற்பனை விலை. தொகைக்குள் அடங்குகிற மாதிரி எட்டுப் பேரைப் பொறுக்கவேண்டும். பந்தை எறிகிறவன், தூக்கிக்கொண்டு ஓடுகிறவன், பிடிக்கிறவன் என்று கலந்து. நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கெல்லாம் நமக்குப் புள்ளி. அன்றோடு அந்த அணி கலைந்துவிடும், அடுத்த சனிக்கிழமைக்குப் புதிதாக எட்டுப் பேர்.

யாரைப் பொறுக்கலாம் என்று யோசனை சொல்லும் அமெரிக்க இணையதளம் ஒன்றுக்கு நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். எழுதுகிறவன் டெக்சாஸில் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டில் இருப்பதாகப் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவனோ ரங்கசாமி குளத்தோரம் டீ குடித்துக்கொண்டிருக்கிறான்.*

* இதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

குமாரவேலுக்கு உள்ளே தனி அறை. வெளியறையில் இரண்டே மேசை, ஒன்று எனக்கு, ஒன்று சங்கரிக்கு. ஒழுங்காக வேலை செய்கிற பிளக் என் மேசைக்கு அருகில்தான். சங்கரியின் போன் பழசு, சார்ஜ் நிற்காது. காலையில் வந்ததும் என் மேசையில் போட்டால் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் எடுப்பாள். (இந்த வாக்கியத்தை இரண்டு தடவை அடிக்கப் போனேன். கதைக்குத் தேவையில்லாதது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

சங்கரி வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய பட்டுக்கடையில் செக்கிங். நெசவாளர் கொண்டுவரும் புடவையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே கறை என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது. எங்களிடம் அவளும் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பாள், நானும் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுப்பேன். இரண்டையும் இங்கிலீஷில் எழுதுவது நான். அதாவது, அவள் தேர்வைப் புகழ்ந்து எழுதுவதும் நானேதான்.

3

வீரர்களின் பெயர் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குத் தாமல் என்று பெயர். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தாமல் ஏரி மாதிரி அகலம், உடைத்துக்கொண்டு கிளம்பினால் தடுக்க ஆள் கிடையாது. அந்த வாரம் என் எட்டில் முதல் பெயர் அவன்தான். உடம்பு நன்றாக இருக்கிறது, கட்டாயம் ஆடுவான் என்று பயிற்சியாளரே சொல்லியிருந்தார்.

"தாமல் வேணாம்ணா. அந்தப் புள்ள ஓடாது" என்றாள் சங்கரி.

"எப்படிச் சொல்ற?"

"பாத்தா தெரியுது."

அவனுக்குப் பதிலாக, அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த, யாரும் கேள்விப்படாத, விலை குறைந்த ஒருத்தனைப் போட்டாள். சனிக்கிழமை தாமல் ஆடாமல், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே நின்றான். யாரும் கேள்விப்படாத அவன் மூன்று தடவை கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை அள்ளினான்.

ஒரு தடவை என்றால் குருட்டு அதிர்ஷ்டம். ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து வாரத்துக்கு ஒருத்தன் இப்படி. ஆறாவது வாரம் அமெரிக்காவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆளுக்கு அணிக்குள்ளே யாராவது இருக்கிறார்களா என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். உள்ளிருந்து ரகசியம் வாங்குவது அங்கே பெரிய குற்றம். குமாரவேலுக்கு வியர்த்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில்தான் —

யாரோ சொல்லித்தான் குமாரவேலுக்கு விஷயம் தெரிந்தது. சங்கரி தினமும் பதினோரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் அரைமணி நேரம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

குமாரவேல் காரணம் எதுவும் சொல்லவில்லை. நேராக வெளியறைக்கு வந்து, "சிஸ்டர், உங்க போன கொஞ்சம் காட்டுங்க. கால் ஹிஸ்டரி மட்டும்தான், சும்மா ஃபார்மாலிட்டி" என்றார்.

"காட்ட மாட்டேன் சார்."

"அப்ப நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"அது உங்க இஷ்டம்."

4

என் கதாபாத்திரத்தின் மீது எனக்கே நம்பிக்கை இல்லாமல் போனது இந்த இடத்தில். மடியில் கனம் இல்லாதவள் போனைக் காட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே? அவளுக்கு ஒரு பின்னணி கட்டிப் பார்த்தேன். வாலாஜாபாத்தில் இருக்கும் சித்தி மகன் அமெரிக்காவில் படிக்கிறான், அவன்தான்... (இல்லை, விசாரித்துவிட்டேன், சித்தியே இல்லை.) யாரோ ஜோசியக்காரர் கட்டம் போட்டு... (இருபது வயசு அமெரிக்கப் பையனின் நட்சத்திரத்துக்கு எங்கே போவது?)

புதன்கிழமை நேரிலேயே கேட்டேன்.

"ஏம்மா, காட்டிட்டா முடிஞ்சிது இல்ல?"

"கடையில ஒரு நாளு ரெண்டு பொடவ காணல. பொம்பளைங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சி பைய ஒதறச் சொன்னாங்க. கஸ்டமருங்க பாத்துக்கினு இருக்காங்க. நானும் ஒதறுனேன். சாப்பாட்டு டப்பா, சீப்பு, மாத்திர எல்லாம் கீழ வியிந்துச்சி. ரெண்டு நாளு கழிச்சி ராக்குக்குப் பின்னாடியே பொடவ கெடச்சிது. ஒருத்தரும் வந்து ஒரு வார்த்த கேக்கல. நானே நின்னுட்டேன். இன்னொரு வாட்டி ஒதற மாட்டேன்ணா. வேல போனா போவட்டும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபுடிக்கிற?"

"இத அவரு கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். அவரு போனக் கேட்டாரு" என்று சொல்லிவிட்டு, "மேல வாங்க" என்றாள்.

5

மாடியில் அவள் கையில் இருந்தது காகிதங்கள். கல்லூரி மாணவர்களே நடத்தும் செய்தித்தாள்கள் பயிற்சி நேரத்துப் படங்களை இணையத்தில் போடுகின்றன. அவற்றை ஆபீஸ் பிரிண்டரில் கலரில் எடுத்துவந்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறாள். திரையில் பார்த்தாலும் அதேதானே என்றேன். ட்யூப்லைட்டில் பார்த்த புடவையை நம்பக்கூடாது என்றாள். அச்சடித்த காகிதத்துக்கு வெயில் எதையும் கூட்டிக் கொடுக்காது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

முகத்தை அவள் பார்ப்பதில்லை. துணியைத்தான் பார்க்கிறாள்.

"இது தாமலு. செவ்வாக்கெழம. கால்சட்டையில இஸ்திரி மடிப்பு அப்டியே இருக்குது பாருங்க. புதங்கெழமயும் மடிப்பு கலையல. ஓடுனா கலையாதா? இது அடுத்தவன். ரெண்டு முட்டியிலயும் புல்லுக் கற, தோள்ல வேற. வாரம் பூரா இவனத்தான் வியவெச்சி எய்ப்பியிருக்காங்க. அப்ப சனிக்கெழம யாரு ஓடுவான்?"

அவ்வளவுதான். பயிற்சியாளர் வாயால் மறைத்ததை வண்ணான் துறைக்குப் போகவேண்டிய துணி சொல்லிவிட்டது. நான் நான்கு வருடமாக ஓடிய தூரம், எறிந்த தூரம் என்று எண்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், இப்போதும் எரிகிறது.

6

முடிவுகள். நான்கு மணிக்கு இவற்றை எழுதினேன்.

முடிவு ஒன்று: ஐந்தாம் பகுதியை அப்படியே அறிக்கையாகக் கொடுக்கிறேன். குமாரவேலுக்கு மகிழ்ச்சி, அமெரிக்காவுக்கு மகிழ்ச்சி, சங்கரிக்கு வேலை. (இதில் ஓட்டை இருக்கிறது. படித்து முடித்ததும் குமாரவேல் கேட்பார்: "அப்ப அந்த போன் மேட்டரு?")

முடிவு இரண்டு: "விசாரித்த வரையில் தெளிவாகத் தெரியவில்லை" என்று ஒரு வரி. சங்கரி போகிறாள். வழி இப்போது எனக்கும் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து முழங்கால்களை நான் பார்த்துக்கொள்வேன். (மற்ற எதையும்விட இதை மளமளவென்று எழுதிவிட்டேன். எனக்கே பயமாக இருந்தது.)

முடிவு மூன்று: அமெரிக்காவிலிருந்து நேரடியாகச் சங்கரிக்கு... (வேண்டாம். காது குத்துகிற வேலை.)

7

மேலே உள்ளதை எழுதி நிமிர்ந்தால் சங்கரி எதிரே நிற்கிறாள்.

"முடிச்சாச்சாணா? ஒருக்கா பாக்கட்டுமா?"

முடிவுகள் இருந்த தாளை உருவிக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன். ஜன்னலருகே எடுத்துப்போய் ஒவ்வொரு தாளாக வெளிச்சத்துக்கு உயர்த்தி, திருப்பி, பின்பக்கமும் பார்த்தாள். ஐந்தாம் பகுதியில் சிரித்தாள். பிறகு மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போனாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். கைப்பையைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். பழைய வேலையிலிருந்து அதை மட்டும் விடவில்லை போலிருக்கிறது. ஒன்றைப் பிய்த்துத் தாளில் ஒட்டி, என் முன்னால் வைத்தாள்.

'யாரோ' என்ற சொல்லுக்கு மேல் ஒரு சிவப்பு வட்டம்.

"இங்க ஒரு எழ விட்டிருக்குது" என்றாள். "ஓடாத புள்ளைக்குக்கூட தாமல்னு பேரு வெச்சிருக்கீங்க. இவருக்கு மட்டும் ஏன்ணா பேரு இல்ல?"

நான் மற்றத் தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"போன்ல பேசுனேன்னு போட்டிருக்குது. எனக்கு இது இப்பதான் தெரியுது. பதினோரு மணிக்கு எம் போனு எங்க இருக்கும்?"

என் மேசையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"ரூம்ல ரெண்டே பேரு" என்றாள்.

வாசகரே, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். குளத்தோர டீக்கடையில், அந்த மின்னஞ்சல் வந்த மறுநாள், கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் குமாரவேலிடம் சொன்னேன். "மாடில போய் யார்கிட்டயோ டெய்லி போன்ல பேசிக்கினு இருக்குது. எதுக்கும் பாத்துக்கங்க." சொல்லும்போதே அவள் போன் என் மேசையில் சார்ஜில் இருப்பது எனக்குத் தெரியும். ஐந்து சனிக்கிழமை அவள் தேர்வைப் புகழ்ந்து எழுதியிருந்தேன். அதற்கு மேல் தாங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அவ்வளவுதான்.

சங்கரி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கதையில் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

"நெய்யறவங்க பொடவ கொண்டாந்தா நான் ஒண்ணு சொல்லுவேன். கொற இருந்தா நீயே சொல்லிட்டுக் குடு, எடுத்துக்குறேன். மடிச்சி மறச்சிக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றாள். "பேரு போட்டுக் குடுங்க, போடாத குடுங்க. அது உங்களுது. கீழ உருவி வெச்சிருக்கீங்களே ஒரு தாளு, அது இன்னான்னு நான் கேக்க மாட்டேன்."

தன் மேசைக்குப் போய் நாளைக்கான எட்டுப் பேரை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

8

மணி நாலு ஐம்பது. மூன்றாம் பகுதியின் அந்த வாக்கியத்தை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

[                ] சொல்லித்தான் குமாரவேலுக்கு விஷயம் தெரிந்தது.

இதற்கு மேல் கை போகவில்லை. அங்கே வரவேண்டிய பெயர் உங்களுக்குத் தெரியும், முதல் பகுதியில் குமாரவேல் என்னை அந்தப் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிடுகிறார். நிரப்பினால் என் வேலை போகும். விட்டால் அந்தப் போன் சந்தேகம் அப்படியே நிற்கும், அவளுடையது போகும். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தப்பித்துக்கொள்ள நான் எழுதும் இன்னொரு வரியாக இருக்கலாம்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. குமாரவேல் எழுந்துவிட்டார். ஸ்டிக்கரை உரித்துவிடலாமா என்று நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன், தாளும் சேர்ந்து கிழிகிறது.

சங்கரியின் போன் இன்னும் என் மேசையில்தான் சார்ஜில் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் அவள் அதை எடுக்கவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாளா என்று பேனாவைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.