சிவப்புத் தலைக் குளவி

உம்மு ஹாஸிம் செய்த தப்பு கடுகளவுதான். ஒரு குளவியின் தலை அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது?

முப்பத்தொரு வருஷத்துக்கு முன், கெய்ரோவில் ஒரு கல்லூரியின் பூச்சிக் காப்பறையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். பாலைவனத்திலிருந்து வரும் பூச்சிகளை ஊசியில் குத்தி, காயவைத்து, பெட்டிகளில் அடுக்குவது அவள் வேலை. ஒருநாள் பெட்டி கைதவறி விழுந்தது. இரண்டு குளவிகளின் தலைகள் கழன்று மேஜைமேல் கிடந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. ஒரு குளவியின் உடல் நொறுங்கியே போயிற்று. மிஞ்சிய உடலில் சிவப்புத் தலையைக் கோந்து தொட்டு ஒட்டினாள். பொருந்தினாற்போலத்தான் இருந்தது. கறுப்பைக் குப்பையோடு கூட்டித் தள்ளினாள்.

அடுத்த வாரம் அதைப் பார்த்த பழைய பேராசிரியர் குதிக்காத குறை. உலகத்தில் இதுவரை யாரும் எழுதாத இனம் என்றார். உட்கார்ந்து அங்கம் அங்கமாக எழுதினார். உடல் கறுப்பு, அதில் நீலம் ஓடும் மினுமினுப்பு. வயிற்றின் இரண்டாம் வளையத்தில் வெள்ளைப் பட்டை. புகை நிறத்து இறக்கைகள். முன்காலில் மணல் வாருவதற்குச் சீப்புப் போல் முட்கள். தலை செங்கல் சிவப்பு. அது அச்சாகி, பேரும் சூட்டியாயிற்று. குளவியின் ஊசியில் ஒரு சிவப்புச் சீட்டு ஏறியது. இனி அந்த இனத்துக்கு அந்த ஒற்றைக் குளவிதான் சாட்சி என்று அதற்கு அர்த்தம். வேலையோ தற்காலிகம், மடியில் ஹாஸிம் கைக்குழந்தை. அவள் வாயைத் திறக்கவில்லை.

பேராசிரியர் காலமானதும் விஷயம் அவரோடு போயிற்று என்று நினைத்தாள். ஆனால் அவர் இடத்துக்கு டாக்டர் ரிஃபஅத் வந்து சேர்ந்தார், அந்தச் சிவப்புத் தலைக்காரியை உயிரோடு பிடித்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு. பதினோரு ஏப்ரல் மாதங்கள் ஸீவா பாலைவனச் சோலைப் பக்கத்து மணலில் வலையும் கையுமாக அலைந்தார். உடம்பு அச்சு அசல் அதே மாதிரி, தலை மட்டும் கறுப்பாக நாற்பத்தொரு குளவிகள் கிடைத்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் நினைப்பாள். கடைசியில் அவர் வலையின் கிழிசலைத் தைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

ஐந்தாவது ஏப்ரலில் அவர் மனைவி ஸமீஹா திடீரென்று இறந்துபோனாள். ஆள் போய்ச் சொல்லி அவர் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பெருநாளுக்குப் பெருநாள் உம்மு ஹாஸிமுக்கென்று தனியாக, பேரீச்சை வைத்த பிஸ்கட் கொடுத்தனுப்புகிறவள் ஸமீஹா. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்வது அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

இன்று காலை ரிஃபஅத் ஒரு காகிதக் கட்டோடு வந்தார்.

"உம்மு ஹாஸிம், நாளைக்கு இத அச்சுக்கு அனுப்பிடறேன். சிவப்பு இனிமே எனக்கு ஆம்பிடாது. இந்தக் கறுப்பையே புது இனம்னு எழுதிட்டேன். ஸமீஹா பேர வச்சிருக்கேன்."

"ஸமீஹா அம்மா பேரையா?"

"அவ இருந்திருந்தா விடுவாளா? கொட்டற பூச்சிதான் கெடச்சுதா என் பேர வைக்கன்னு வறுத்தெடுத்திருப்பா." அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்.

உம்மு ஹாஸிமால் சிரிக்க முடியவில்லை. புதியதே அல்லாத ஓர் இனத்துக்கு ஸமீஹாவின் பேர். என்றைக்காவது எவனாவது அந்தக் கோந்தைக் கண்டுபிடிப்பான், பேரைப் பார்த்துக் கேலி செய்வான்.

"டாக்டர், அனுப்பாதீங்க."

"ஏன், எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?"

"அந்தச் சிவப்புத் தலைய ஒட்டினது நான்."

"காலங்காத்தால விளையாடாதீங்க."

அவள் பெட்டி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய், சிவப்புச் சீட்டுக் குளவியைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். தேநீர்க் கெட்டிலிலிருந்து கொஞ்சம் வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

"நீயே எடு."

பதினோரு வருஷமாக அவளை 'நீங்க' என்றே கூப்பிட்டவர்.

தூரிகையால் குளவியின் கழுத்தில் சொட்டுச் சொட்டாக வெந்நீர் வைத்தாள். கால் மணி நேரத்தில் கோந்து இளகித் தலை தட்டில் விழுந்தது. அவர் அந்தக் கழுத்தையும் தன் கறுப்புத் தலைக் குளவி ஒன்றின் கழுத்தையும் மைக்ரோஸ்கோப்பில் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஓர் இனத்துக்கு முதலில் வைத்த பேர்தான் நிற்கும், அதுதான் இந்தத் தொழிலின் சட்டம். புதுப் பேருக்கு இனி இடமில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்."

"அவ மூச்சு நின்னப்போ நான் இந்தக் கோந்தத்தான் தேடிக்கிட்டு இருந்திருக்கேன்."

உம்மு ஹாஸிம் அழுதாள். "மன்னிச்சுடுங்கன்னு கேக்க எனக்கு வாயில்ல டாக்டர்."

"கேக்காத."

அவர் காகிதக் கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை எடுத்தார். 'என் மனைவி ஸமீஹாவின் நினைவாக. ஒவ்வோர் ஏப்ரலிலும் அவள் எனக்காகக் காத்திருந்தாள்' என்றிருந்தது. பேனாவைத் திறந்து அந்த வரியின்மேல் வைத்தார். கை ஓடவில்லை. பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீ அடி."

அவள் லேசாக ஒரு கோடு போட்டாள்.

"பேர் தெரியாதபடி அடி. இந்தக் கட்டு இங்கதான் கெடக்கும், பாதி தெரிஞ்சா யாராவது யாருன்னு கேப்பாங்க. என்னால சொல்ல முடியாது."

அவள் மறுபடி முதல் எழுத்திலிருந்து அழுத்தி அடிக்கத் தொடங்கினாள். கடைசி எழுத்து மறையும்வரை அவர் காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.