லேபுக்குப் போன செடிகள்

என் உரக்கடைக்கு வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் சட்டைப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். வாடிய இலை, கசங்கிய இலை, எந்தச் செடியுடையது என்றே சொல்ல முடியாத இலை. வைத்துவிட்டு, ஜோசியக்காரனைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்ப்பார்கள். கீழ் இலையா, மேல் இலையா, வயல் முழுக்க இப்படியா என்று நான் திருப்பிக் கேட்டால் கோபம் வேறு வந்துவிடும். எனக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான் இருக்கும். பக்கத்தில் வேறு கடை இல்லாததால் உறவு நீடிக்கிறது.

அக்கா மட்டும் இலை கொண்டு வந்ததே இல்லை. மக்காச்சோளம் விதைத்த பிறகு இரண்டு முறை வந்தாள். "பயிர் எப்படிக்கா?" என்றால், "ஜம்முனு இருக்கு" என்றாள். பயிர் வைத்திருக்கிறவர் எவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றாக விளைந்திருந்தாலும் "ஏதோ இருக்கு" என்றுதான் இழுப்பார்கள். எனக்கு அப்போதே உறுத்தியது.

மச்சான் இறந்த பிறகு அவள் தனியாகப் போட்ட முதல் பயிர் இது. அவள் மகன் நகரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். "இந்த ஒரு பயிர் போட்டுப் பாரு. தேறலைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடணும்" என்று சொல்லியிருந்தான். அவளும் சரியென்று தலையாட்டியிருந்தாள். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை, அம்மா தனியாக இருப்பது அவனுக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால் அக்கா அந்த வீட்டுக்குப் போனால் பால்கனியில் நின்றுகொண்டு, இன்று மழை வரும், வராது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அங்கே அந்தச் செய்தி யாருக்கும் தேவைப்படாது. அவள் அங்கே போய்விடக் கூடாது என்பது என் ஆசை. அவளுக்காக மட்டுமில்லை, எனக்காகவும்தான். என்னைத் திட்டுவதற்கு இனி அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் மூட்டை இறக்கப் போன வழியில் அவள் வயலில் வண்டியை நிறுத்தினேன். செடிகள் முழங்காலுக்குக் கீழேதான் நின்றன, ஐந்தாறு இலை. வேலியோரம் கரும்பச்சை. நடுவயலில் குட்டை குட்டையாக, புது இலைகளின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடியிருந்தது.

"இதுதான் ஜம்முனு இருக்கிறதா?" என்றேன்.

"வெயிலுக்கு அப்படித் தெரியுதுடா."

"வெயில் வேலியோரத்துல அடிக்கலையா?"

அக்கா குனிந்து களை பிடுங்க ஆரம்பித்தாள். ஜிங்க் சத்துக் குறைவாக இருக்கலாம், கந்தகக் குறைவாகவும் இருக்கலாம், ஈரம் கட்டி வேர் நின்றுபோயும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுக்கொன்று பங்காளிகள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்து நாளைக் கடத்த இது நேரமில்லை. கதிரில் எத்தனை வரிசை மணி பிடிக்கும் என்பது இந்தப் பருவத்திலேயே தண்டுக்குள் முடிவாகத் தொடங்கிவிடும். பிறகு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் முடிந்தது முடிந்ததுதான். அதனால் செடிகளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன். அங்கங்கே நடந்து, தரைக்கு மேல் முழுச் செடியாக அறுத்து, காகிதப் பையில் போட்டு அனுப்ப வேண்டும். கூட வருகிறேன் என்றதற்கு, "உன் கடையைப் பாரு. அறுக்க எனக்குக் கை இருக்கு" என்றாள்.

முடிவு வந்தது. எல்லாச் சத்தும் போதுமான அளவு. மாப்பிள்ளையே போன் செய்து சந்தோஷமாகச் சொன்னான். "மாமா, அம்மா கில்லாடிதான் போல!"

கில்லாடி என்பது சரிதான். அந்த முடிவை வைத்துப் பார்த்தால் பயிருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. வயலைப் பார்த்தாலோ கொடுக்காமல் இருக்கக் கூடாது. கடையைப் பாதியில் சாத்திவிட்டு நேராக வயலுக்குப் போனேன். வெள்ளைப் பட்டை இன்னும் அகலமாகியிருந்தது. வேலியோரமாக நடந்தேன். கரும்பச்சைச் செடிகளுக்கு நடுவே அங்கங்கே அறுத்த அடித்தண்டு.

"இங்கேயிருந்தா எடுத்தே?"

"ஆமா."

"நோயாளியை வீட்ல படுக்க வெச்சிட்டு, திடமா இருக்கிற ஆளைக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினா, அவர் யாருக்கு மருந்து எழுதுவாரு?"

"கத்தாதேடா. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பண்ணினே?"

வரப்பில் உட்கார்ந்தாள். கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "லேப்ல அவன் நம்பரைத்தான் கொடுத்திருக்கு. ரிசல்ட் மொதல்ல அவன் போனுக்குத்தான் போகும். பயிர் கெட்டுப்போச்சுன்னு பார்த்தா, அடுத்த பஸ்ல வந்து நின்னுடுவான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மகனுக்குப் பயந்து பயிரைப் பட்டினி போட்டிருக்கிறாள். போன வருஷம் நிலத்தைச் சமன் செய்த இயந்திரம் மேல்மண்ணையெல்லாம் வேலியோரம் தள்ளிவிட்டிருந்தது. அந்த நல்ல மண்ணில் வளர்ந்த செடிகள்தான் நகரத்துக்குப் போய் நற்சான்று வாங்கி வந்திருந்தன.

"திரும்ப அனுப்பும்போது என் நம்பரைக் கொடுத்துடலாம். அவனுக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றேன்.

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "வேணாம். அவன் நம்பரே இருக்கட்டும். இதுக்கு மேல பூசி மெழுக எனக்குத் தெம்பு இல்லடா."

அன்றே இருவருமாக அறுத்தோம். நல்ல இடத்துச் செடிகள் ஒரு பையில், கெட்ட இடத்துச் செடிகள் இன்னொரு பையில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது குறைகிறது என்று நிச்சயமாகத் தெரியும். அவசரம் என்று லேபில் கெஞ்சிக் கேட்டு அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்தது. கெட்ட பையில் ஜிங்க், நல்ல பையில் இருந்ததில் பாதிக்கும் கீழே. மற்றவையெல்லாம் பரவாயில்லை.

மாப்பிள்ளையின் போனும் வந்தது. அக்கா என் கடையில்தான் இருந்தாள். அவன் குரல் எனக்கே கேட்டது. "என்னம்மா இது? அன்னைக்கு எல்லாம் நல்லா இருக்குன்னு வந்துச்சே?"

"அன்னைக்கு நல்ல செடியா பொறுக்கி அனுப்பினேன். நீ பார்ப்பேன்னு."

 "லீவு கிடைச்சதும் வர்றேன். வந்து பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டான். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். ஜிங்க் சல்பேட் பையை எடுத்துக் கொடுத்தேன். இலை கருகாமலிருக்க, அதன் எடையில் பாதி சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த தண்ணீரைச் சேர்த்து அடிக்கச் சொன்னேன்.

"நடுவுல நாலு வரிசை அடிக்காம விட்டுட்டா வித்தியாசம் தெரியும்" என்றும் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான். ஒருவரும் கேட்டதில்லை. மருந்து கையில் இருக்கும்போது கண்ணெதிரே நாலு வரிசையை வாட விட எவருக்கும் மனசு வராது. அக்காவும் விடமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவன் வந்தபோது இரண்டாவது தடவையும் அடித்து முடித்திருந்தாள். நகரத்து ஷூவோடு வயலில் இறங்கியவன் முதலில் பிடித்தது ஒரு பழைய இலையை. "வெள்ளை அப்படியேதான இருக்கு மாமா?"

"பழைய இலை மாறாது மாப்பிள்ளை. குருத்தைப் பாரு."

பார்த்தான். குருத்து பச்சையாகச் சுருண்டு நின்றது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று பார்த்துக்கொண்டே போனவன் நடுவயலில் சட்டென்று நின்றான். அங்கே நாலு வரிசை மட்டும் இரண்டு பக்கத்துச் செடிகளின் பாதி உயரத்தில், குருத்து வரை வெளுத்து நின்றது.

"இதுக்கு மட்டும் ஏம்மா அடிக்கல? மருந்து பத்தலையா?"

"மருந்து இருக்கு."

"அப்புறம்?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்டே. ஒருதடவை ஏமாத்தினவளாச்சே. அதான் நீயே பார்க்கட்டும்னு விட்டுவெச்சேன்."

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அந்த வெளுத்த குருத்து ஒன்றை விரலால் தடவிக்கொண்டே நின்றான்.  நான் வேறு பக்கம் திரும்பி எதையோ தேடுவதுபோல நின்றேன்.

"பார்த்துட்டேம்மா" என்றான் கடைசியில். "இதுக்கும் அடிச்சிடு. டேங்க் எங்கே, நானே கலக்கறேன்."

"இப்ப வேணாம். காத்து அடிக்குது, மருந்து அடுத்த வரிசைக்குப் போயிடும். நாளைக்குக் காலையில அடிச்சுக்கலாம்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேனே."

"நான் இருப்பேன்ல" என்றாள் அக்கா.

சரி என்றான் அவன்.