இஸ்திரி ராணி

கல்யாணமான புதிதில் லோர்னாவும் நானும் மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில், என் அம்மா வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் அம்மா ஸ்டாசியா. துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் அம்மா அதற்கு இஸ்திரி போட்டே தீருவாள். எங்கள் துணிக்கும் சேர்த்து, கேட்காமலே. லோர்னாவுக்கு அது அறவே பிடிக்காது. சண்டை போடத் தைரியம் வராததால் அவள் காமிக்ஸ் வரைந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எந்தப் பதிப்பகமும் தொடாத, கூச்சநாச்சம் இல்லாத அண்டர்கிரவுண்டு காமிக்ஸ்களை இளைஞர்கள் தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்து, ஊதுபத்தியும் இசைத்தட்டும் விற்கிற கடைகளில் கொண்டுபோய் வைப்பார்கள். லோர்னாவின் கதையில் ஒரு மாமியார் செய்தித்தாள், காலுறை, பூனை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தேய்ப்பாள். கடைசியில் மருமகளையே தேய்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடுவாள். காகிதமாகிப்போன மருமகள் கதவிடுக்கில் நழுவி, உடம்பில் பொட்டுத் துணியில்லாமல் மாதா கோயில் கோபுரத்துக்கு மேலே பறந்து போவாள். தலைப்பு ‘இஸ்திரி ராணி’. வரைந்தவர் பெயரைப் போடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிடுவாள் என்று பயம்.

வந்த வாரமே மிச்செல் தெருக் கடையில் அத்தனையும் தீர்ந்துவிட்டது. மறுபடி அச்சடித்தாள், அதுவும் தீர்ந்தது. அந்தத் தெம்பில் இன்னும் மூன்று புத்தகம் போட்டாள். அந்தப் படங்களைக் காட்டித்தான் பிறகு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலையும் கிடைத்தது. “ஒரு காலத்துல என் புத்தகம் கடையில நிக்காது” என்று ஓய்வு பெற்ற பிறகும் அடிக்கடி சொல்வாள். சொல்லும்போது முகத்தில் ஒரு களை வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கொரின் என்கிற பெண் போன் செய்தாள். அபூர்வமான நூல்களைப் பாதுகாக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. யாரோ விட்டுப்போன சேகரிப்பில் ஒரே ஒரு ‘இஸ்திரி ராணி’ இருந்ததாம். லோர்னா வரைந்தது என்று அவளுடைய பழைய தோழி ஒருத்தி சொன்னாளாம். நேரில் வந்து பார்த்து உறுதிசெய்ய முடியுமா என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது நான் உளறிவிட்டேன். அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டியும் காது கூர்மை.

“நானும் வரேன்” என்றாள்.

“அங்க வெறும் பழைய பேப்பர்தான் இருக்கும் அத்தை. உங்களுக்குப் போரடிக்கும்” என்றாள் லோர்னா.

“இங்க மட்டும் என்ன, சர்க்கஸா நடக்குது?”

மூன்று பேருமாகக் காரில் போனோம். நூலகத்தில் கோட்டையும் பையையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில்தான். கொரின் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலப் புத்தகத்தைப் பஞ்சுத் தாங்கியில் வைத்தாள்.

“ரெண்டு தடவை அச்சானதாச் சொல்றாங்க. ஆனா வேற எந்த நூலகத்துலயும் ஒண்ணுகூட இல்ல. அதுதான் எங்களுக்குப் புரியல” என்றாள்.

“அவ்வளவும் வித்துப்போச்சு” என்றாள் லோர்னா, மெதுவாக.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். பறக்கும் மருமகள் வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“காலுறைய நான் தேச்சதே இல்ல” என்றாள் அம்மா. “கைக்குட்டை தேப்பேன். தலையணை உறை தேப்பேன். காலுறை எவ தேப்பா?”

லோர்னாவுக்கு முகம் காதுவரை சிவந்துவிட்டது. “அத்தை, இது நீங்கன்னு…”

“பின்ன யாரு? என் கவுனுதான அது, அந்தக் காலர் வச்சது. வித்துப்போச்சாம். யாரு வாங்கினான்னு நினைக்கிற? நான்தான்.”

“எத்தனை?”

“கடைக்காரன் வச்சிருந்தது அத்தனையும். கடை ஜன்னல்ல என் கவுனைப் பார்த்ததுமே உள்ள போயிட்டேன். கோயில்ல என்கூடப் பாடுறவளுங்க கண்ணுல பட்டா நான் எங்க போறது? நீ ரெண்டாம் தடவை அச்சடிச்சப்போ எனக்கு அழுகையே வந்துருச்சு. திரும்பவும் போனேன். அவன் கட்டி ரெடியா வச்சிருந்தான், பாவி.”

கொரின் மூச்சுவிடாமல் கேட்டாள். “எல்லாத்தையும் எரிச்சிட்டீங்களா?”

“எரிக்கத்தான் அடுப்புகிட்ட கொண்டுபோனேன். ஒருதரம் படிச்சுப் பாப்போம்னு பிரிச்சேன். பூனையத் தேய்க்கிற இடத்துல சிரிச்சிட்டேன். சிரிச்சப்புறம் எப்படி எரிக்கிறது? வீட்டுக்கு அடியில, கீழறையில, கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பின்னால கிடக்கு.”

லோர்னா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அவள் நினைத்துப் பெருமைப்பட்ட அந்த வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவது எனக்கே தெரிவதுபோல் இருந்தது. எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

“அப்போ இந்த ஒண்ணை விட்டா, என் புத்தகத்தைப் படிச்சது ஒரே ஒரு ஆள்தானா?” என்றாள்.

“ஏன், அடுத்த மூணும் வாங்கினேனே. கட்டா இல்ல, ஒவ்வொண்ணு. அதுல நான் வரல. சுமாராத்தான் இருந்துச்சு.”

லோர்னாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதியான அறையில் அடக்கமுடியாமல், மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள். பக்கத்து மேஜையில் ஏதோ வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்து, “என் மருமக. இதை வரைஞ்சது அவதான்” என்றாள்.

மறுநாளே கொரின் வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் கீழறையில் ஈரம் கிடையாது. புத்தகங்கள் அச்சகத்திலிருந்து வந்த மேனிக்கு மொடமொடவென்று இருந்தன. நாட்டில் உள்ள மற்ற நூலகங்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டாள். “இப்போ கொடு. என்கூடப் பாடினவளுங்க யாரும் இப்ப இல்ல” என்றாள் அம்மா.

வசந்தத்தில் கண்காட்சி வைத்தார்கள். சுவரில் லோர்னாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. முன்வரிசையில் அம்மா காலர் வைத்த நீலக் கவுனில் உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சி முடிந்ததும் மாணவிகள் லோர்னாவைச் சூழ்ந்துகொண்டார்கள். எந்தப் பேனா, எப்படி மை, பூனை நிஜமா என்று கேள்விமேல் கேள்வி. ஒருத்தி மட்டும் அம்மா பக்கத்தில் மண்டியிட்டு, கையெழுத்துக் கேட்டு அழைப்பிதழை நீட்டினாள். அம்மா அதில் நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, லோர்னாவுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.